பில்லில் போன லாரி கேட்டில் போகவில்லை என்றால்

மார்ச் 31ஆம் தேதி பில் போட்ட சரக்கு, ஏப்ரல் முதல் வாரத்தில் ‘தரம் சரியில்லை’ என்று கிரெடிட் நோட்டாக, அதாவது பில் தொகையைக் கழிக்கும் சீட்டாக, திரும்பி வருகிறதா? ஒரு முறை என்றால் தரம்தான் சரியில்லை. ஆண்டுதோறும் அதே வாடிக்கையாளரிடமிருந்து ஏறக்குறைய அதே தொகைக்கு வருகிறதென்றால் கணக்குதான் சரியில்லை; நடக்காத விற்பனைக்கு பில் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து தணிந்த குரலில் கேட்பது பெரும்பாலும், இப்படிச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான். அவர்களுக்குச் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பில்லை விடுங்கள். சரக்கு நகர்ந்ததா என்று பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் வர பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கன்னியக்கோயில் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. ஆகவே 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (சரக்கு எடுத்துச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும். பில்லையும் இ-வே பில்லையும் கணினி முன் உட்கார்ந்தபடியே போட்டுவிடலாம். லாரி வாடகை வவுச்சர், ஏற்றுக்கூலி, எடைச்சீட்டு, கேட் பதிவேட்டில் காவலாளியின் கையெழுத்து ஆகிய நான்கும் அப்படி வராது. லாரியை வாங்குபவரே அனுப்பினார் என்பார்கள். அப்போதும் எடைச்சீட்டும் கேட் பதிவும் இருந்தாக வேண்டும். இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடியும் என்பதால் மார்ச் கடைசி நாட்களின் ரத்துப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். வண்டி எண்ணையும் சரிபாருங்கள். டன் கணக்கான சரக்கை ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பிய இ-வே பில் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

இல்லாத விற்பனையை எதற்காகக் காட்டுகிறார்கள்? நம் பக்கத்துக் கம்பெனிகளில் பெரும்பாலும் வங்கிக்காகத்தான். கேஷ் கிரெடிட் கணக்கில், அதாவது அன்றாடத் தொழிலுக்கு வங்கி தரும் கடன் கணக்கில், எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கிக்குக் கொடுக்கும் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் (சரக்கிருப்புப் பட்டியல்) வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியும் தீர்மானிக்கின்றன. பாக்கியைப் பெருக்கிக் காட்டினால் கடன் பெருகும். பெரிய இடங்களில் வங்கி இருப்பையே பெருக்கினார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை. இல்லாத அந்தப் பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டி வரவும் எழுதியிருந்தார்கள். பொய்க் கணக்கையும் எவ்வளவு முறையாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

சந்தேகம் வந்த அன்றே யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். ஆண்டு இறுதி அவசரத்தில் தேதி மாறிப் பதிந்திருக்கலாம். வாங்கியவரே சரக்கை நம் கிடங்கில் விட்டு வைத்திருக்கலாம். ஒருவருடைய பெயரும் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது. குமாஸ்தா கேட்கும் சாதாரணக் கேள்வியாகவே கேளுங்கள்: “சார், இந்த பில்லுக்கு எடைச்சீட்டு கோப்பில் இல்லை. சேர்க்க வேண்டும்.” உண்மையான விற்பனை என்றால் பத்து நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். தவளக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். மறுநாள் காலையில் சீட்டு வந்தது. மார்ச் 31 தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. வரிசை எண்தான் இடித்தது. ஏப்ரல் 4ஆம் தேதிச் சீட்டுகளுக்கும் பின்னால் வரும் எண் அது. “இப்போது என்ன செய்வதம்மா?” என்று கேட்டாள். “ஒன்றும் செய்யாதே. அந்த எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்” என்றேன்.

எழுதி வைப்பதிலும் முறை இருக்கிறது. கம்பெனிக் கோப்புகளைப் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போவதும், சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வதும் கூடவே கூடாது. மோசடி பின்னுக்குப் போய், நீங்கள் தகவல் திருடினீர்கள் என்ற வழக்குதான் முன்னே நிற்கும். வவுச்சர் எண், தேதி, தொகை, மூலச் சீட்டு எந்த அலமாரியில் எந்தக் கோப்பில் இருக்கிறது, யார் என்ன சொன்னார் என்பதை அன்றன்றே உங்கள் சொந்த நோட்டில் குறியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், திருத்தங்களைத் தானே பதிவு செய்யும் மென்பொருளில்தான் கம்பெனிகள் கணக்கு வைக்க வேண்டும். அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் கூடாது. பதிவை யார் எப்போது மாற்றினார் என்பது அங்கேயே கிடக்கும். எங்கே தேட வேண்டும் என்று விசாரிப்பவருக்குக் காட்டினால் போதும்.

பொய்க் கணக்குப் பதிவைப் போடச் சொன்னதே உங்களிடம்தான் என்றால் நிலைமை வேறு. ‘மேலதிகாரி சொன்னார், செய்தேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. கம்பெனிச் சட்டம் 447ஆவது பிரிவில் மோசடிக்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. அமெரிக்காவில் வேர்ல்ட்காம் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனியின் கணக்கர் பெட்டி வின்சன் தயங்கினார், ராஜினாமா செய்யவும் நினைத்தார்; ஆனாலும் மேலிடம் சொன்னபடி பதிவுகளைப் போட்டார். ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கிறது. வாய்மொழியாகச் சொன்னால், “மின்னஞ்சலில் அனுப்புங்கள் சார், ஆடிட்டர் கேட்டால் காட்ட வேண்டும்” என்று சொல்லுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும்.

யாரிடம் சொல்வது? அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டவரிடம் மட்டும் வேண்டாம். அதே வேர்ல்ட்காமில் உள் தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பர், தணிக்கையைத் தள்ளிப்போடச் சொன்ன நிதி அதிகாரியிடம் மன்றாடாமல் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் போனார். 2002இல் 380 கோடி டாலர் முறைகேடு வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தில் இதே போன்ற கணக்கு முறைகேட்டைப் பற்றி ஊழியர் ஷெரன் வாட்கின்ஸ் நேராகத் தலைவரிடம் கடிதம் கொடுத்தார். சில நாட்களிலேயே, இவரை வேலையை விட்டு நீக்கினால் என்ன சிக்கல் வரும் என்பது பற்றி நிறுவனத்துக்கு வழக்கறிஞர் கருத்து வந்து சேர்ந்தது.

நம் கம்பெனிச் சட்டத்தின் 177ஆவது பிரிவு, ஊழியர் புகார் சொல்ல ஓர் ஏற்பாட்டையும் பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிட்டவை, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குபவை, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகிய கம்பெனிகளுக்கு மட்டும்தான். நம்மூர் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் பலவும் இதற்குள் வராது. 2014ஆம் ஆண்டு வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேடு பற்றியது. தனியார் கம்பெனிக்காரருக்கு அதில் இடமில்லை. மீதி இருப்பது கம்பெனியின் ஆடிட்டர். ஒரு கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் மோசடி என்று நம்பக் காரணம் கிடைத்தால், மத்திய அரசுக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. அவரும் கண்ணை மூடிக்கொண்டால் கம்பெனிப் பதிவாளர். புதுச்சேரியில் பதிவான கம்பெனி என்றால் புதுச்சேரியிலேயே அலுவலகம் இருக்கிறது. கடலூரில் பதிவானது என்றால் சென்னை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ‘எங்கள் நிதி மேலாளர் பல ஆண்டுகளாக ஊழல் செய்கிறார்’ என்று எழுதினால் தனிப்பட்ட பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். ‘இந்த எண்ணுள்ள பில்லுக்கு உரிய எடைச்சீட்டின் வரிசை எண், ஏப்ரல் 4ஆம் தேதிச் சீட்டுகளுக்குப் பின்னால் வருகிறது, கேட் பதிவேட்டில் அந்த வண்டி இல்லை’ என்று எழுதினால் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பதிவேட்டைப் புரட்டியே ஆக வேண்டும். பெயர் போடாத கடிதம் தப்பில்லை. ஆனால் மேற்கொண்டு கேள்வி கேட்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் அது கிடப்பில் போகும். நான்கு பேர் மட்டுமே உள்ள பிரிவில் பெயரை மறைத்தும் பயனில்லை.

அனுப்புவதற்கு முன் வீட்டில் சொல்லுங்கள். உண்மை வெல்லும், பயப்படாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பெட்ரோல் பங்க் முறைகேட்டில் விட்டுக்கொடுக்காத இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005இல் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே அவ்வளவு தூரம் போகாது என்றாலும் வேலை போகும், அடுத்த இடத்தில் விசாரித்தால் நல்ல வார்த்தை வராது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருப்பவர் சில மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை பொறுப்பதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை பொய்ப் பதிவில் கை வைக்காமல் இருந்தால் சரி.

வெளியேறுவதென்று முடிவு செய்தால் ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதாதீர்கள். ‘இன்ன தேதியிட்ட என் கடிதத்துக்குப் பதில் வராத நிலையில்’ என்று ஒரு வரி இருக்கட்டும். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்பிலிருந்த கோப்புகளைப் பட்டியலிட்டு ஒப்படைத்து, அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். எடைச்சீட்டுக் கோப்பு அந்தப் பட்டியலில் முதலில் வரட்டும்.