கொன்பினி எப்போதும் திறந்திருக்கும், சேவைக்கு நேரம் உண்டு: ஜப்பானில் முதல்முறைப் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த நவம்பரில், கியோத்தோ ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு கொன்பினியில், அதாவது 24 மணி நேரமும் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடையில், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் இரண்டு பெரிய பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து பணம் செலுத்தும் மேசை முன்னால் நின்றார்கள். அவற்றைத் தோக்கியோவுக்கு அருகிலுள்ள நரிதா விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, கைவீசிக்கொண்டு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஏறுவது அவர்கள் திட்டம். அப்போது இரவு ஏழரை மணி. விமானம் எப்போது என்று கேட்டேன். "நாளைக்குச் சாயங்காலம்ங்க அண்ணா" என்றார் கணவர். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அதே நகரத்தில், ஏறத்தாழ அதே நேரத்தில், அதே நம்பிக்கையோடு நானும் ஒரு மேசை முன்னால் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் சிறு குழுக்களை ஜப்பானுக்கு அழைத்துச் சென்றுவருகிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பணத்தைக் கையில் கொடுக்காமல் தட்டில் வைப்பது, பைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் நாளிலேயே எவரும் கற்றுக்கொள்வார்கள். தவறினாலும் இழப்பு ஏதுமில்லை. இழப்பு தரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. கடை 24 மணி நேரமும் திறந்திருப்பதால், அதில் கிடைக்கும் ஒவ்வொரு சேவையும் 24 மணி நேரமும் நடக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

பெட்டியைக் கடைசி நேரத்தில் அனுப்புவது

ஒருவரின் பெட்டியை ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு வீட்டு வாசல்வரை கொண்டு சேர்க்கும் சேவையை யமாட்டோ நிறுவனம் 1976-இல் தக்யூபின் என்ற பெயரில் தொடங்கியது. கறுப்புப் பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லும் சின்னம் போட்ட வண்டிகள் அவர்களுடையவை. 7-இலெவன், ஃபேமிலிமார்ட் ஆகிய கொன்பினிகளில் யமாட்டோவின் சேவை கிடைக்கும். லாசன், மினிஸ்டாப் கடைகளில் ஜப்பான் அஞ்சல் துறையின் யூ-பேக் கிடைக்கும். ஒன்றின் முகவரிச் சீட்டை மற்றொன்றின் கடையில் ஏற்கமாட்டார்கள் என்பதால், விடுதியில் வாங்கிய சீட்டோடு கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்துவிடக் கூடாது. கொன்பினியில் யமாட்டோவுக்கு ஒப்படைக்கும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டருக்குள்ளும், எடை 25 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஒரு நடுத்தரப் பெட்டிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 3,000 யென் ஆகும். நெரிசலான ரயிலில் இரண்டு குழந்தைகளையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துச் செல்லும் துன்பத்தோடு ஒப்பிட்டால், இதைவிட நல்ல செலவு ஜப்பானில் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதைத் தவறாகப் பயன்படுத்தி நொந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமை உண்டாகிறது.

நான் செய்தது இதுதான். 2014 ஏப்ரலில், கியோத்தோவில் ஒரு கடையில் மாலை ஏழு மணிக்கு மேல் பெட்டியை ஒப்படைத்தேன். மறுநாள் இரவு நரிதாவிலிருந்து எனக்கு விமானம். சீட்டை நிரப்பும்போது ஊழியர் நாட்காட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். புரியாமலேயே தலையாட்டிவிட்டு, பணம் கட்டி, ரசீதைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிம்மதியாக உறங்கச் சென்றேன். அன்றைய பெட்டிகளை எடுத்துச் செல்லும் வண்டி மாலையிலேயே வந்து போய்விட்டது என்பதையோ, என் பெட்டி மறுநாள்தான் கடையைவிட்டுக் கிளம்பும் என்பதையோ, நரிதாவை அதற்கும் அடுத்த நாள்தான் அடையும் என்பதையோ நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. விமான நிலையத்தில் பெட்டிகளை வழங்கும் முகப்பில் என் ரசீது எண்ணைத் தட்டிப் பார்த்த பெண்மணி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெட்டி அப்போதுதான் கியோத்தோவைவிட்டுக் கிளம்பியிருந்தது.

விமானத்தை விடவும் முடியாது, பெட்டிக்காகக் காத்திருக்கவும் முடியாது. சென்னைக்குப் பன்னாட்டுக் கூரியரில் அனுப்ப 40,000 யென்னுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. கடைசியில், தோக்கியோவில் நம்மவர்கள் நிறைய வாழும் நிஷிகசாய் பகுதியில் இருந்த ஒரு நண்பரின் முகவரிக்கு அதைத் திருப்பிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். அவர் இரண்டு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது, தம் சாமான்களில் பாதியைக் குறைத்துக்கொண்டு என் பெட்டியைக் கொண்டுவந்தார். அந்தக் கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே, கொன்பினியில் பெட்டியை ஒப்படைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அன்று. அன்றைய வண்டி வந்துவிட்டதா என்பதைத்தான். "க்யோ நோ ஷூகா வா மதா தெஸ் கா" என்றால், இன்றைய சேகரிப்பு இன்னும் நடக்கவில்லையா என்று பொருள். "இட்சு ட்சுகிமாஸ் கா" என்றால், எப்போது போய்ச் சேரும். விடையை வாயால் சொல்ல விடாமல், சீட்டிலேயே தேதியை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளுக்கு வண்டி ஒரு நாளில் ஒன்றிரண்டு முறைதான் வரும். அது போன பிறகு நீங்கள் எந்த நேரத்தில் கொடுத்தாலும் பெட்டி கடையின் பின்னறையில்தான் உறங்கும். தோக்கியோ, ஒசாகா, கியோத்தோ போன்ற நகரங்களுக்கிடையே சரியான நேரத்தில் கொடுத்த பெட்டி பொதுவாக மறுநாள் சேர்ந்துவிடும். தொலைவிலுள்ள ஹொக்கைடோ, கியூஷூ, ஒக்கினாவா என்றால் கூடுதல் நாட்கள் பிடிக்கும். விமான நிலையத்துக்கு அனுப்புவதாயின், பயண நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைத்துவிடுங்கள். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஒபோன், ஆண்டின் இறுதி வாரம் ஆகியவற்றில் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டை நிரப்புவதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் பெயர்களில் முதலெழுத்து எங்கே நிற்கும், தந்தையின் பெயர் எங்கே விரியும் என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. விடுதியை மனைவியின் பெயரில் முன்பதிவு செய்துவிட்டு, பெட்டியின் சீட்டில் கணவரின் பெயரைச் சுருக்கி எழுதினால், விடுதியின் வரவேற்பாளரால் இரண்டையும் பொருத்திப் பார்க்க இயலாது. முன்பதிவில் எந்தப் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ, அதையே ரோமன் எழுத்தில் எழுதி, அருகில் தங்கத் தொடங்கும் தேதியையும் குறிப்பிடுங்கள். வரவேற்பாளரே இல்லாத வாடகை அறைகளுக்குப் பெட்டியை அனுப்பாதீர்கள். வாங்கி வைக்க ஆளின்றி அது திரும்பிப் போகும். விமான நிலையத்துக்கென்றால், விமான எண், புறப்படும் தேதி, நேரம், முனையம் எல்லாமே வேண்டும். நரிதாவிலும் தோக்கியோவின் மற்றொரு விமான நிலையமான ஹனேடாவிலும் தலா மூன்று முனையங்கள் இருக்கின்றன. ஒசாகாவுக்கோ கன்சாய், இதாமி என்று இரண்டு விமான நிலையங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கட்டத்தில் "சாமான்" என்று பொதுவாக எழுதுவதும் தீங்குதான். விமானத்தில் ஏற்ற வேண்டிய தொலைதூரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது தெளிவாக இல்லாவிட்டாலோ, பவர் பேங்க் போன்ற லித்தியம் பேட்டரிகள் இருந்தாலோ, அதைத் தரைவழியாகவும் கடல்வழியாகவும் அனுப்பிவிடுவார்கள், நாட்கள் கூடும். துணி என்றால் துணி என்றே எழுதுங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் நகையையும் அதில் வைக்கவே கூடாது. அன்றாடம் போடும் மாத்திரைகளும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அந்தக் கோயம்புத்தூர்த் தம்பதியர் கடைசியில் பெட்டிகளைத் தங்களோடே எடுத்துச் சென்றார்கள். தோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் தோகைடோ ஷின்கான்செனில் மூன்று அளவுகளும் சேர்ந்து 160 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டிக்கு, 2020 மே முதல் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். அவர்களின் ஒரு பெட்டி அந்த அளவைத் தாண்டியிருந்ததால், அன்றிரவே நிலையத்துக்குப் போய் இருக்கையை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நான் அறைக்குத் திரும்பினேன்.

ஏடிஎம் இயந்திரத்தில் ரூபாயைத் தேர்ந்தெடுப்பது

7-இலெவன் கடைகளில் உள்ள செவன் பேங்க் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. திரையில் ஆங்கிலமும் உண்டு. சிப் உள்ள அட்டையில் ஒரு முறைக்கு 100,000 யென் வரை எடுக்கலாம். பணம் வெளிவருவதற்கு முன்பு, கணக்கில் ரூபாயாகக் கழிக்கவா, யென்னாகக் கழிக்கவா என்ற கேள்வி சில அட்டைகளுக்கு வரும். ரூபாய்த் தொகை கண்ணுக்குத் தெரிவதால் பாதுகாப்பானது என்று தோன்றும். அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் விலை ஒளிந்திருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் 100,000 யென் எடுத்தபோது, அதே நாளில் யென்னைத் தேர்ந்தெடுத்த இன்னொருவரைவிட அவருக்கு 3,000 ரூபாய்க்கு மேல் அதிகம் கழிந்தது. எப்போதும் யென்னையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி, இந்திய வங்கிகள் புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டே வரும். வங்கியின் செயலியில் அதைத் திறந்து, ஏடிஎம்முக்கான வரம்பையும் உயர்த்தி வைக்க வேண்டும். ஜப்பானில் இறங்கிய பிறகு செய்யலாம் என்று விட்டால், ஓடிபி வரும் இந்திய எண் அங்கே வேலை செய்யாமல் நின்றுவிடக்கூடும்.

ரொக்கமில்லாமல் போவது

பொருள் வாங்கும்போது அட்டையை வாங்கிக்கொள்கிற அதே மேசை, சேவைகள் பலவற்றுக்கு ரொக்கம் கேட்கும். பெட்டி அனுப்பும் கட்டணமும், அஞ்சல்தலையும் பெரும்பாலும் அப்படித்தான். சுயிகா, பாஸ்மோ போன்ற போக்குவரத்து அட்டைகளில் பணம் ஏற்றுவதற்கும் ரொக்கமே வேண்டும். அந்த அட்டைகளில் 20,000 யென் வரைதான் இருப்பு வைக்க முடியும். இருப்பைத் திரும்பப் பெறுவது கொன்பினியில் இயலாது என்பதால், கடைசி இரண்டு நாட்களில் சிறு தொகையாக ஏற்றுங்கள். மிஞ்சியதைக் கொன்பினியிலேயே தின்பண்டம் வாங்கித் தீர்த்துவிடலாம்.

ஜிப்லி அருங்காட்சியகச் சீட்டுக்கு அன்றைக்கே போவது

தோக்கியோவை ஒட்டிய மிதகாவில், ஜிப்லி நிறுவனத்தின் அசைபடங்களுக்கென உள்ள ஜிப்லி அருங்காட்சியகத்தின் வாசலில் சீட்டு விற்பதில்லை. நாளும் நேரமும் குறிப்பிட்ட சீட்டை லாசன் வழியாகத்தான் முன்கூட்டி வாங்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான விற்பனை தொடங்கும். இந்திய நேரத்தில் அது காலை 6:30 மணி. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு லாசனுக்குள் போய், இன்றைக்கு நான்கு சீட்டு வேண்டும் என்று கேட்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. நாட்காட்டியில் குறித்துவைத்து ஊரிலிருந்தே வாங்கிவிடுங்கள்.

காபிக் கோப்பை

சிறிய கோப்பைக்குப் பணம் கொடுத்துவிட்டு, நாமே காபி பிடித்துக்கொள்ளும் இயந்திரத்தில் பெரிய அளவை அழுத்தினால், ஜப்பானில் அது திருட்டு. இதற்காகக் கைதானவர்கள் உண்டு.

கடையிலேயே அமர்ந்து உண்பது

2019 அக்டோபர் முதல், எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 சதவீதமும், அங்கேயே உண்பதற்கு 10 சதவீதமும் வரி. பணம் செலுத்தும்போதே சொல்லிவிடுங்கள்.

இலவச வைஃபை

7-இலெவனும் ஃபேமிலிமார்ட்டும் 2022-இல் நிறுத்திவிட்டன. சிம் வாங்குங்கள்.

கழிப்பறை

கேட்டுவிட்டுப் போங்கள். பெருநகரங்களில் பல கடைகளில் இல்லை.

நகல் எடுத்துவிட்டு மூலத்தை மறப்பது

கறுப்பு வெள்ளை நகல் ஒன்றுக்கு 10 யென். யுஎஸ்பியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் அச்செடுக்கலாம். கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றிவைத்திருந்தால் எழுத்துகள் சிதையாமல் வரும். நகல் கீழே வந்து விழுந்தவுடன் அதை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறோம். கடவுச்சீட்டு மூடிக்கு அடியில், கண்ணாடியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. என் குழுவில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் கடை ஊழியர்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள், ஆனால் இரண்டாவது முறை நாங்கள் எந்தக் கிளையில் நகல் எடுத்தோம் என்பதே யாருக்கும் நினைவில்லை. ஹிரோஷிமாவில் ஒரே தெருவில் நான்கு கடைகளில் ஏறி இறங்கினோம். ரசீதை எப்போதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதன் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும்.