கறுப்பின மக்களின் இயல்பான தலைமுடியும் பாகுபாடும்: கொழும்பில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தை நடத்தும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பெற்றோரையும் ஆசிரியரையும் அழைத்து இவ்விடயத்தைப் பேச விரும்புவோர், முதலில் முடியின் இயல்பை விளக்க வேண்டும். இறுகச் சுருண்டு வளரும் முடியில், உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை. அதனால் அது விரைவில் வறண்டு, உலர்ந்த நிலையில் சீவினால் முறிந்துவிடுகிறது. நெருக்கமான பின்னல்களும் சடைமுடியும் (திரிதிரியாகத் திரண்ட முடி, ‘டிரெட்லொக்ஸ்’) அந்த முறிவைக் குறைக்கும் பராமரிப்பு முறைகளே. அவற்றைத் தடைசெய்யும் பாடசாலை அல்லது அலுவலக விதி, சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற காரம் கலந்த, தோலைப் புண்ணாக்கக்கூடிய பசைகளைக் கொண்டு முடியை நேராக்கும் நிலைக்குப் பலரைத் தள்ளுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகே சட்டத்தைப் பற்றிய பேச்சு கேட்பவர் மனத்தில் பதியும்.

அடுத்து வழக்குகளைக் கூறுங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 2010ஆம் ஆண்டு சடைமுடியை வெட்ட மறுத்த பெண்ணொருவருக்கு, வழங்கப்பட்ட வேலை மீளப் பெறப்பட்டது. சிகையலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது என்பதால் அது இனப்பாகுபாடு ஆகாது என்று 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் பாடசாலை மாணவியர் தம் இயல்பான முடியைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 2019இல் கலிபோர்னியா, முடியின் தன்மையையும் பின்னல், சடைமுடி போன்றவற்றையும் இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. எனினும் சட்டம் மட்டும் போதாது. டெக்சாசில் 2023 செப்டெம்பரில் அத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும், முடி நீளமானது என்று கூறிச் சடைமுடியுள்ள கறுப்பின மாணவர் ஒருவரை வகுப்பிலிருந்து விலக்கிவைத்த பாடசாலையின் விதி சட்டத்தை மீறவில்லை என்று 2024இல் நீதிமன்றம் கூறியது.

சுருட்டை முடியுள்ள நம் பிள்ளைகளைக் கேலி செய்வதும், ரீபொண்டிங் செய்யச் சொல்வதும் இங்கும் உண்டு. அதைக் குறிப்பிடலாம், ஆனால் அதையும் கறுப்பின மக்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கறுப்பின மக்களின் முடி மீதான வெறுப்புக்குப் பின்னால் அடிமை முறையின் வரலாறு இருக்கிறது. புத்தளம் சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரை அழைப்பதானால், ஆடிப் பாடுவதற்காக மட்டும் அழைக்காதீர்கள். மேடையில் யாருடைய முடியையும் தொட்டுக் காட்டச் சொல்லாதீர்கள்.

கூட்டத்தின் பெரும்பகுதியை விதிகளை வாசிப்பதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தம் பாடசாலை அல்லது அலுவலகத்தின் தோற்ற விதிகளைக் கொண்டுவரட்டும். ‘நேர்த்தியான முடி’ என்ற சொற்கள் வரும் இடமெல்லாம், எந்த முடியுள்ளவர் தம் முடியை மாற்றாமலே அதற்கு இணங்க முடியும் என்று கேளுங்கள். அரச நிறுவனமாயின், குடிமக்களை இன அடிப்படையில் பாகுபடுத்துவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையைச் சுட்டிக்காட்டலாம். இறுதியில், ‘முடி சுத்தமாக இருத்தல் வேண்டும், ஆய்வுகூடத்தில் கட்டியிருத்தல் வேண்டும்’ என்பது போன்ற மாற்று வாசகமொன்றை எழுதி, பதில் தரும் திகதியையும் கேட்டு, அதிபரிடமோ முகாமையாளரிடமோ கையளியுங்கள்.