மைமோனிடஸை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? மும்பைத் தமிழ் வாசிப்பு வட்டங்களுக்கு ஒரு வழி

மாதுங்காவிலோ செம்பூரிலோ வட்டம் கூட்டி, 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிடஸைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேரே அவருடைய தத்துவ நூலான 'திகைப்போருக்கு வழிகாட்டி'யைத் திறக்கிறார்கள். மூன்றாவது வாரம் ஆள் குறைந்துவிடும். காரணம் எளிது. மூன்று பாகங்களில் முதல் பாகத்துக்கு மட்டும் 76 அத்தியாயங்கள். அவற்றில் முதல் ஐம்பதில் பெரும்பகுதி, இறைவன் 'அமர்ந்தான்', 'இறங்கினான்' என்று யூத வேதம் சொன்னால் என்ன பொருள் என்ற சொல்லாராய்ச்சி. எதற்காக இந்தப் பாடு என்று தெரியாமல் அதற்குள் நுழையக் கூடாது.

முதல் அமர்வுக்கு அவருடைய சட்டத் தொகுப்பான 'மிஷ்னே தோரா'வை எடுங்கள். ஏழைகளுக்கான கொடைகள் பற்றிய பகுதியில் 10ஆம் அத்தியாயம், 7 முதல் 14 வரை, எட்டே பத்திகள். கொடையின் எட்டுப் படிகள் அதில் உள்ளன. நூலைக் காட்டுவதற்கு முன் எட்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, உயர்விலிருந்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஒருவரையொருவர் தெரியாத கொடையைத்தான் பலர் உச்சியில் வைப்பார்கள். மைமோனிடஸ் அதை இரண்டாவதாக வைக்கிறார். உச்சியில் இருப்பது, சரியத் தொடங்கியவருக்குக் கடனோ தொழில் கூட்டோ வேலையோ கொடுத்து, அவர் இனி யாரிடமும் கையேந்தாதபடி செய்வது. கேட்கும் முன் கொடுப்பது ஐந்தாவது, கேட்டபின் கொடுப்பது ஆறாவது. குறைவாக ஆனால் முகமலர்ந்து கொடுப்பது ஏழாவது, மனமில்லாமல் கொடுப்பது கடைசி. யூதர்களிடையே அறக்கொடை பற்றிய பேச்சு இன்றும் இந்த எட்டுப் படிகளைத் தொடாமல் போவது அரிது.

இரண்டாம் அமர்வு, யூதர்களின் பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு 1168-ல் எழுதி முடித்த உரையில் அவர் வகுத்த 13 நம்பிக்கைகள். யூத ஜெப ஆலயங்களில் பாடப்படும் 'யிக்டால்' பாடல் இவற்றைச் செய்யுளாக்கியதே. கூடவே எதிர்ப்பையும் வையுங்கள். இல்லாவிட்டால் அவர் சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஏற்றதாகத் தோன்றும். இறைவனுக்கு உடலுண்டு என்பவன் மதத்துரோகி என்று அவர் எழுதியதும், அப்படி நம்பியவர்களில் அவரைவிடப் பெரியவர்கள் உண்டு என்று அவர் காலத்துப் பிரான்ஸின் யூத அறிஞர் ராபாத் மறுத்தார். 1230களில் பூசல் முற்றி, தெற்கு பிரான்ஸில் மைமோனிடஸின் நூல்கள் எரிக்கப்பட்டன.

இதற்குப் பிறகு 'வழிகாட்டி'யின் முதல் பாகத்தில் 51 முதல் 60 வரை படிக்கலாம், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் போதும். 1904-ல் வந்த ஃப்ரீட்லாண்டரின் ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசம். 1963-ல் வந்த ஷ்லோமோ பைன்ஸின் மொழிபெயர்ப்பு அரபு மூலத்தை இன்னும் நெருங்கி ஒட்டிச் செல்வது. சிக்கலான வரிகளுக்கு அதையே நம்புங்கள்.

இறைவன் இன்னது அல்ல என்று மட்டுமே சொல்ல முடியும் என்பது இந்தப் பகுதியின் வாதம். "இது நம்ம நேதி நேதிதானே" என்று யாராவது சொல்வார். அங்கேதான் வாசிப்பு தடம் மாறும். அத்வைதத்தின் மறுப்பு ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்ற இடத்துக்குக் கொண்டுபோகிறது. மைமோனிடஸிடம் படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையிலான பிளவு ஒருபோதும் மூடுவதில்லை. இறைவனின் செயல்களைப் பற்றிப் பேசலாம் என்று 54ஆம் அத்தியாயத்தில் இடம் விடுகிறார். அதைப் படித்த பிறகே ஒப்பிடுங்கள்.

மூன்றாம் பாகம் 32ஆம் அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். பலியிடும் பழக்கத்தில் ஊறிய மக்களை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால்தான் பலி அனுமதிக்கப்பட்டது என்கிறார். 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் நக்மானிடஸ் இதைக் கடுமையாக மறுத்தார். சடங்குக்கு வரலாற்றுக் காரணம் தேடலாமா என்ற விவாதம் யூதச் சிந்தனையில் இன்னும் ஓயவில்லை.

நேரில் பார்க்க, கலா கோடாவில் 1884-ல் கட்டிய கெனெசெத் எலியாஹூ யூத ஜெப ஆலயத்துக்குப் போகலாம். முன்கூட்டியே விசாரித்து, சனிக்கிழமையைத் தவிர்த்து, அசல் அடையாள அட்டையுடன் போங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும்.

வட்டம் நிலைத்துவிட்டால், யூத ஹசிதிய இயக்கம் ஒன்றின் தலைவரான லுபாவிட்சர் ரெபே 1984-ல் தொடங்கிய தினசரி வாசிப்பைப் பின்பற்றலாம்: நாளுக்கு மூன்று அத்தியாயம் என்றால் 'மிஷ்னே தோரா' ஓராண்டுக்குள் முடியும், ஒன்று என்றால் ஏறக்குறைய மூன்றாண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றையே தேர்ந்தெடுங்கள்.