முதுமாணிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்களா? கட்டுரைகளை இப்போதே சேமியுங்கள்

இணையத்தில் உங்கள் பெயரோடு ஒரு செய்தியோ கட்டுரையோ வந்தால், அன்றைக்கே அதன் இணைப்பை, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் காக்கும் வேபேக் மெஷின் (web.archive.org) என்ற தளத்தில் சேமித்துவிடுங்கள். அங்கே ‘சேவ் பேஜ் நவ்’ என்ற பெட்டியில் இணைப்பை ஒட்டினால் போதும், காசு எதுவும் இல்லை. இதழியல், ஊடகம் போன்ற முதுமாணிப் படிப்புகள் பலவற்றுக்கு வெளிவந்த ஆக்கங்களை மாதிரியாகக் கேட்பார்கள். ஆனால் செய்தித்தளங்கள் வடிவமைப்பை மாற்றும்போது பழைய இணைப்புகள் பல செத்துப்போகின்றன. சேமித்த பிரதியில் தலைப்பு, உங்கள் பெயர், சேமித்த திகதி எல்லாம் அப்படியே நிற்கும். ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்பலாம்.

அச்சில் வந்ததென்றால், கட்டுரையை மட்டும் கத்தரித்து வைக்காதீர்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரிய முழுப் பக்கத்தையும் படமெடுங்கள். தவறவிட்ட பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறதுதான். ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது அங்கே போய்ப் பக்கம் பக்கமாகத் தேடுவது பெரும்பாடு.

உள்நுழைந்து படிக்க வேண்டிய பக்கங்கள், முகநூல் பதிவுகள் இவற்றுக்கு வேபேக் மெஷின் சரிவராது. அவற்றைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். ‘நமது நிருபர்’ என்று மட்டும் போட்ட செய்திக்குப் பிரதி மட்டும் உதவாது. எழுதியது நீங்கள்தான் என்று பத்திரிகை ஆசிரியர் கடிதம் தர வேண்டும். அவர் வேலை மாறிப் போவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.