கடல்காற்றுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்: மூத்தோர் குடியிருப்பு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கடற்கரையோரம் இருக்கும் ஒரு மூத்தோர் குடியிருப்பைப் பார்க்கக் கிளம்பினார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். துணைக்கு நான் போனேன். முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்பதால் இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட பயணங்களுக்கு என்னை அழைப்பது வழக்கமாகிவிட்டது.

ஐயாவின் கையில் ஒரு குறிப்பேடு. கோயில் எவ்வளவு தூரம், நூலகத்துக்கு எந்தெந்த நாளிதழ் வருகிறது, இரவில் இட்லியா சப்பாத்தியா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மேலாளர் காபி கொடுத்தார். பால்கனிக் கதவைத் திறந்ததும் கடல்காற்று முகத்தில் வந்து மோதியது. "இதற்கு மேல் என்ன வேண்டும், சிஸ்டர்?" என்றவர் காசோலைப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

பேனாவை வாங்கி மூடினேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு பால்கனியில் நின்றுதான் என் பெரியப்பா, பெரியம்மாவுக்காக நான் முன்பணம் கட்டினேன். வார்டிலேயே ஆயுளைக் கழித்த நானே ஏமாந்தேன் என்றால் வாத்தியாரைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ரசீது வாங்குங்கள், சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கடலைத் தை மாதத்தில் மட்டும் பார்ப்பது

வெளிநாட்டுப் பிள்ளைகள் பொங்கலை ஒட்டி வருகிறார்கள், பெற்றோரை அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். அப்போது தொண்டியிலிருந்து மண்டபம் வரை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வாசலில் தண்ணீர் தேங்குகிறதா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் லிஃப்டை இயக்குமா, விளக்கை மட்டும்தானா? ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவருக்கு இது உயிர் விஷயம்.

உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. கட்டில் கால், சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் கைப்பிடியைப் பிடித்துச் சற்றே பலமாக இழுத்தேன். திருகாணிகள் துருப்பிடித்துப் பொடிந்து, கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மேலாளர் என்னை முறைத்தார். வழுக்கி விழப்போகும் எண்பது வயதுக்காரரும் அதைத்தான் பிடித்திருப்பார்.

கரையோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் எதைக் குடிக்கக் கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள்.

## "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்"

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் மூள்கிறது.

அப்படிச் சொல்பவர்கள் உறுதியளிப்பது 'தொடர் பராமரிப்பு'. அதற்கு ஒரு பொருள் உண்டு. முதலில், தானாக நடந்து, சமைத்து வாழ்பவருக்குத் தனி வீடு. கால் தளர்ந்தபின் குளிக்க, உடை மாற்ற, வேளைக்கு மருந்து சாப்பிட ஆள்துணை. படுக்கையில் விழுந்தால் இரவு பகலாகச் செவிலியர். மறதி நோய் வந்தால் அதற்கென்று பாதுகாப்பான தனிப் பகுதி. இவை அத்தனையும் ஒரே வளாகத்தில் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். இந்த முறை நன்றாக வேரூன்றிய அமெரிக்காவில் நுழைவுக் கட்டணம் வாங்கும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்றில், படுக்கையில் விழுந்தாலும் மாதக் கட்டணம் அதிகம் மாறாது. அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே கூடுதலாக வாங்கிவிடுவார்கள். இன்னொன்றில், குறிப்பிட்ட நாட்கள் வரை சலுகை, அதன்பின் கூடுதல் கட்டணம். மூன்றாவதில், நுழைவுப் பணம் குறைவு, ஆனால் பராமரிப்பு தேவைப்படும்போது அன்றைய விலை. நம் ஊரில் நீங்கள் பார்க்கும் இடம் இந்த மூன்றில் எதைப் போன்றது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

நான் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது வயது 76. சுற்றிக் காட்டிய பையன் ஒரு நீளமான அறையைத் திறந்து, "இதுதான் நர்சிங் பகுதி" என்றான். ஆறு கட்டில்கள், மெத்தைகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே. நோயாளிகள் இருக்கும் வார்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு, கிருமிநாசினியும் சிறுநீரும் கஞ்சியும் கலந்தது. அங்கே புதுப் பெயின்ட் வாசனைதான் வந்தது. மூக்கு சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினான்காவது மாதம் பெரியப்பாவுக்குப் பக்கவாதம். மதுரையில் பன்னிரண்டு நாள் வைத்தியம். வீடு திரும்பும்போது மூக்கில் உணவுக்குழாய், கீழே சிறுநீர்க்குழாய். மேலாளரிடம் தொலைபேசியில் பேசினேன். "அம்மா தாராளமாக வரலாம். ஐயாவை மட்டும் வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நர்சிங் பகுதி என்னவாயிற்று என்று கத்தினேன். அவர் நிதானமாக ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தை வாசித்துக் காட்டினார்: "குடியிருப்பவர் பிறர் உதவியின்றி நடமாட இயலும் காலம் வரை."

அந்த வரியை நான் கையெழுத்திடும் முன்பே படித்திருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரியப்பா மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், பெரியம்மா கடல் பார்த்த வீட்டில் தனியாக. மாதம் இரண்டு கட்டணம். பஸ்ஸில் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். "சேர்ந்து இருக்கலாம் என்றுதானே தாயி இங்கே வந்தோம்?" என்று பெரியம்மா கேட்டபோது நான் அடுப்படிக்குள் போய் எதையோ தேடுவது போல நின்றேன். வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் செலவு, நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். மிச்ச வைப்புத்தொகை அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்த பிறகுதான் கிடைத்தது. அதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று. அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை.

ஆகவே, எழுத்தில் வாங்குங்கள். ஒருவர் அடுத்த நிலைக்கு மாற வேண்டும் என்று தீர்மானிப்பது எந்த மருத்துவர்? நம் மருத்துவரின் கருத்துக்கு இடம் உண்டா? ஒவ்வொரு நிலைக்கும் இன்றைய கட்டணம் என்ன, ஆண்டுக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டார்கள்? உணவுக்குழாய், படுக்கைப் புண், மறதி நோய் ஆகியவற்றில் எது வந்தால் வெளியேறச் சொல்வார்கள்? கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் படுத்துவிட்டால் மற்றவரின் கட்டணம் என்ன? மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குப் பணம் உண்டா? வைப்புத்தொகை, புது ஆள் வந்தாலும் வராவிட்டாலும், எத்தனை நாளில் திரும்பும்? நர்சிங் பகுதியில் இன்றைக்கு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களின் உறவினர் ஒருவரோடு பேசாமல் திரும்பாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் ஒப்பந்தம் 'வாழ்நாள் முழுவதும்' என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்துக் கொடுத்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. உங்களுக்குத் தருவது குத்தகையா, விற்பனையா, வெறும் தங்கும் அனுமதியா என்று சொந்த வக்கீலிடம் கேளுங்கள். அவர்கள் காட்டும் வக்கீலிடம் அல்ல.

## "மருத்துவமனை பக்கத்தில்தான்"

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ராமேஸ்வரத்திலிருந்து அங்கே வரவே சுமார் 55 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் பாலம். மதுரைக்குப் போக ராமநாதபுரத்திலிருந்து இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். வளாகத்தில் ஆம்புலன்ஸ் நிற்பதைக் காட்டுவார்கள். ஓட்டுநர் இரவில் எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள்.

## பதிவு எண் கேட்காமல் முன்பணம் கட்டுவது

கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

## சொத்தை நிபந்தனையின்றிப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது

மாதக் கட்டணத்தை மகன் கட்டுவான் என்ற நம்பிக்கையில் எழுதிக் கொடுக்கிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வாதாடுவது எளிது. மகன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

## ஊர் வீட்டை உடனே விற்பது

ஓராண்டு வாடகைக்கு விடுங்கள்.

## மீன் உண்டா என்று கேட்கக் கூசுவது

கேளுங்கள். நெத்திலிக் குழம்பு இல்லாத இடத்தில் கீழக்கரைக்காரர் எத்தனை நாள் இருப்பார்?

## பகலில் மட்டும் பார்ப்பது

பணம் கொடுத்து மூன்று இரவு விருந்தினராகத் தங்குங்கள். பெரும்பாலான இடங்கள் சம்மதிக்கும். சம்மதிக்காத இடத்துக்கு நான் யாரையும் அழைத்துப் போவதில்லை. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

தலைமையாசிரியர் அப்படியே செய்தார். இருபத்திரண்டு நிமிடம் கழித்துக் கையில் டார்ச்சோடு காவலாளி வந்து, "தண்ணீர் வேண்டுமா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார். செவிலியர் எங்கே என்றதற்கு, "அவர் ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விடுவாரே" என்று பதில். ஐயா அதைக் குறிப்பேட்டில், இட்லி சப்பாத்திக்குக் கீழே, எழுதிவைத்திருக்கிறார். காசோலைப் புத்தகம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.