ஏஐ ஏஜென்டுக்கு சர்வர் சாவி: எஸ்எஸ்ஹெச் அமைப்பும் அதற்கான டாக்குமென்டும்

பெங்களூரில் கோரமங்களா, எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் புதிதாக வேலைக்குச் சேரும் நம்மூர்த் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ஏஜென்டுக்கு சர்வர் ஆக்சஸ் கொடுத்தாச்சு. அதையும் உட்கார்ந்து எழுதணுமா?" எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதிவிட்டதால் ஏஜென்ட் (நாம் சொன்ன வேலையைத் தானே கமாண்ட் ஓட்டிச் செய்யும் ஏஐ) கட்டுப்படும் என்று நம்பிவிடாதீர்கள். "இந்த ஃபோல்டரைத் தொடாதே" என்று டாக்குமென்டில் இருந்தால் அது வெறும் வேண்டுகோள். சர்வரே மறுக்க வேண்டும். அதனால் முதலில் தடையை அமைப்போம், பிறகு அமைத்ததை எழுதுவோம்.

உதாரணத்துக்கு, டீம் பெங்களூரில், உபுண்டு லினக்ஸ் சர்வர் அமேசான் கிளவுடின் மும்பை ரீஜியனில். ஏஜென்ட் அதற்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழையும். ஏஜென்ட் செய்ய வேண்டியது இரண்டே வேலை: லாக் (சர்வரின் பதிவுகள்) படிப்பது, ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள்.

படி 1: தனி யூசர், தனி சாவி

சர்வரில் ஏஜென்டுக்கென்று ஒரு யூசரை உருவாக்குங்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் யூசர் வேண்டவே வேண்டாம். பிறகு எஸ்எஸ்ஹெச்-கீஜென் மூலம் ஈடி25519 வகைச் சாவி ஜோடி ஒன்று: ஏஜென்ட் பக்கம் ரகசியமாக இருக்கும் பிரைவேட் சாவி, சர்வரில் வைக்கும் பப்ளிக் சாவி. பிரைவேட் சாவியின் பர்மிஷன் 600, அது இருக்கும் ஃபோல்டருக்கு 700. உங்கள் சொந்தச் சாவியை ஏஜென்டுக்குக் கொடுத்தால், நாளை லாகில் யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. இன்னொன்று: ஏஜென்ட் உங்கள் லேப்டாப்பில் உங்கள் யூசராகவே ஓடினால், உங்கள் சாவிகள் எல்லாமே அதன் கைக்கு எட்டும். கன்டெய்னரிலோ (தனியாக அடைத்த சூழல்) வேறு யூசரிலோ ஓட விடுங்கள்.

படி 2: கான்ஃபிக் கோப்பு

கிளையன்ட் பக்கம் (ஏஜென்ட் ஓடும் இடத்தில்) எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் ஒரு ஹோஸ்ட் பகுதி சேருங்கள்: செல்லப்பெயர், முகவரி, யூசர், சாவி இருக்கும் இடம். கூடவே மூன்று வரிகள் முக்கியம். ஐடென்டிட்டீஸ்ஒன்லி 'யெஸ்' என்றால் நீங்கள் குறிப்பிட்ட சாவியை மட்டுமே காட்டும். பேட்ச்மோட் 'யெஸ்' என்றால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்காமல் தோல்வி என்று உடனே திரும்பும். கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இது அவசியம். கனெக்ட்டைம்அவுட் 10 விநாடி போதும்.

முதல் இணைப்பை மட்டும் நீங்களே கைப்பட, பேட்ச்மோட் இல்லாமல் செய்து, சர்வரின் ஃபிங்கர்பிரிண்டை (அதன் சாவியின் சுருக்க அடையாளம்) சரிபார்த்து 'யெஸ்' சொல்லுங்கள். அதை ஏஜென்ட் தலையில் கட்டாதீர்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் கோப்பில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வருவதே செல்லும். எல்லா ஹோஸ்டுக்குமான நட்சத்திரக் குறிப் பகுதியை மேலே வைத்துவிட்டு, "நான் மாற்றியது வேலை செய்யவில்லை" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது கடைசியில் இருக்கட்டும்.

படி 3: சர்வர் பக்கத் தடை

ஏஜென்ட் யூசரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில், பப்ளிக் சாவிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்று சேருங்கள். போர்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாம் அடைபடும். அதனுடன் கமாண்ட் ஆப்ஷனில் ஒரு சிறிய ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுத்தால், ஏஜென்ட் எதைக் கேட்டாலும் அந்த ஸ்கிரிப்ட்தான் ஓடும். கேட்டது என்ன என்பது எஸ்எஸ்ஹெச் ஒரிஜினல் கமாண்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வரும். ஸ்கிரிப்ட் அதை அனுமதித்த பட்டியலோடு அட்சரம் பிசகாமல் ஒப்பிட வேண்டும். வந்ததை அப்படியே ஷெல்லுக்கு (கமாண்டை ஓட்டும் புரோகிராம்) தூக்கிக் கொடுத்தால் இவ்வளவு நேரம் செய்தது அத்தனையும் வீண். ரீஸ்டார்ட்டுக்கு சூடோ (ரூட் உரிமையில் ஓட்டும் வழி) தேவைப்பட்டால் அந்த ஒரே கமாண்டுக்கு மட்டும் அனுமதி.

எக்ஸ்பைரி-டைம் போட்டுச் சாவிக்குக் காலாவதியும் வைக்கலாம். அந்த நேரம் சர்வரின் டைம்ஜோனில் கணக்கிடப்படும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பதால், மாலை 6 மணி என்று நீங்கள் நினைத்து எழுதியது இங்கே இரவு 11:30 ஆகிவிடும்.

படி 4: டாக்குமென்ட்

இதை ஆளும் படிப்பார், ஏஜென்டும் படிக்கும். நினைவிலிருந்து எழுதாதீர்கள். எஸ்எஸ்ஹெச் கமாண்டைப் பெரிய எழுத்து ஜி ஆப்ஷனோடு, ஹோஸ்டின் செல்லப்பெயர் கொடுத்து ஓட்டினால், இணைக்காமலேயே நடப்பில் உள்ள அமைப்பு முழுவதையும் அச்சிட்டுத் தரும். அதிலிருந்து தேவையான வரிகளை எடுத்துப் போடுங்கள். பிரைவேட் சாவி, டோக்கன் எதுவும் உள்ளே வரக் கூடாது. இருக்கும் இடத்தின் பெயர் போதும்.

அனுமதித்த கமாண்டுகளை எழுதுவது எளிது, ஒரு பத்தியில் முடியும். உழைப்பு தோல்விகளில்தான். கனெக்‌ஷன் டைம்டு அவுட் வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால் அல்லது செக்யூரிட்டி குரூப் தடுக்கிறது. ரெஃப்யூஸ்டு வந்தால் பெரும்பாலும் சர்வர் வரை போய்விட்டது, அந்த போர்ட்டில் இணைப்புக்காக எந்த புரோகிராமும் காத்திருக்கவில்லை. போர்ட் எண் 22 சரிதானா பாருங்கள். பர்மிஷன் டினைடு என்றால் பெரும்பாலும் யூசர் அல்லது சாவி தவறு. எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியும்போது திருப்பும் எண்) 255 என்றால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் இணைப்பிலேயே கோளாறு. மற்ற எண்கள் சர்வரில் ஓடிய கமாண்ட் திருப்பியவை.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள்: பர்மிஷன் டினைடு வந்தால் மறுபடி முயலாமல் நிறுத்து, மனிதரிடம் சொல். இது முக்கியம், ஏனென்றால் ஏஜென்டுகள் சலிக்காமல் முட்டும். அவுட்டர் ரிங் ரோடு பக்கத்துப் பகிர்வு அலுவலகங்களில் பல கம்பெனிகள் ஒரே பப்ளிக் ஐபியில் இருப்பதுண்டு. தொடர்ந்து தோற்கும் ஐபியைப் பூட்டும் கருவி சர்வரில் இருந்தால், அந்த ஐபியிலிருந்து வரும் நீங்களும் சேர்ந்தே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

படி 5: சோதனை, பிறகு நீக்கம்

டாக்குமென்டை கான்ஃபிக் இருக்கும் அதே கிட் ரெப்போவில் வையுங்கள். அமைப்பைத் தொடாத ஒருவரை அதை மட்டும் படித்து இணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏஜென்டிடம் அனுமதி இல்லாத கமாண்ட் ஒன்றைக் கொடுத்து, சர்வர் மறுக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஆத்தரைஸ்டு கீஸில் உள்ள அந்த வரியை நீக்க வேண்டும். அதனால் புதிய இணைப்புதான் நிற்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் தொடர்ந்து ஓடும். அந்த யூசரின் புராசஸ்களையும் நிறுத்துங்கள். இரண்டையும் டாக்குமென்டில் அடுத்தடுத்த வரியாகவே போட்டுவிடுங்கள்.