வளைவில் வரும் சத்தம்: தப்பான பக்கத்தைக் கழற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கராஜில் வேலை பழக வரும் பையன்கள் எல்லாரும், திரும்பும்போது சத்தம் போடும் வண்டி வந்தால், நாங்கள் அந்த வயதில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஸ்டியரிங் ஆயில் குறைவு, வீல் நட் தளர்வு எல்லாம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தம் வரும் பக்கம் என்று வலது பேரிங்கைக் கழற்றுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். ஓர் ஆன்ட்டி பழைய கொரோலா ஒன்றைக் கொண்டுவந்தார். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஊம்ம் என்று இரைச்சல், வலப்பக்கம் திரும்பினால் இன்னும் கூடுகிறது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில், வலப்பக்கம் திரும்பும்போதுதானே சத்தம், அப்போ வலது பேரிங்தான் (சக்கரம் உராயாமல் சுழல வைக்கும் குண்டு வளையம்) என்று அதை மாற்றியிருக்கிறார்கள். சத்தம் போகவில்லை. அப்புறம் இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வலது டிரைவ் ஷாஃப்ட்டையும் மாற்றினார்கள். இரண்டு பில்லையும் மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார்.

வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. அழுத்தம் இடது பேரிங்குக்கு, தேய்ந்திருந்தால் கத்துவதும் அதுதான். இங்கே நாம் சாலையில் இடதுபக்கம் ஓட்டுவதால் சர்க்கிளை (ரவுண்டானாவை) வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம், கோயிலை வலம் வருகிற அதே திசை. அங்கே ஸ்டியரிங் நீண்ட நேரம் வலப்பக்கமே இருக்கும், சத்தமும் அங்கேதான் நன்றாகக் கேட்கும், வண்டிக்காரரும் வந்து "ரைட் சைடு" என்பார். அவர் சொல்வது திரும்பும் திசையை. அதைப் பழுதான பக்கம் என்று எடுத்துக்கொண்டு ஜாக்கியைத் தூக்கினால் தப்பு நம்முடையது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வண்டிகளில் முன்சக்கர பேரிங்கை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போட முடியாது. பிரஸ் மெஷினில் வைத்து ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுத்துண்டை) தள்ளும்போது உள்வளையம் பெரும்பாலும் ஹப்போடு வந்துவிடும், குண்டுகளும் அவை ஓடும் தடமும் அடிவாங்கிவிடும். நல்ல பேரிங்காக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

கழற்றும் முன் இதைச் செய்யுங்கள். காலியான அகல ரோட்டில் ஒரே வேகத்தில் போய் ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள், எந்தப் பக்கம் பாரம் ஏறும்போது கத்துகிறது என்று கேளுங்கள். அப்புறம் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, இன்னொரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலில் ஏறும், மணலைத் தொட்ட மாதிரி. இரண்டு பக்கமும் பாருங்கள். ஆன்ட்டியின் வண்டியில் இடதுபக்கம் தொட்டவுடனே தெரிந்தது. "சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை, அதனால் பேரிங் நல்லது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆட்டம் காண்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே இரைச்சல் தொடங்கிவிடும்.

புதியதைப் பொருத்தும்போது: நக்கிளில் (பேரிங் உட்காரும் இரும்புக் கூட்டில்) இறக்கும்போது வெளிவளையத்தைத் தள்ளுங்கள், ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுங்கள். மாற்றி அழுத்தினால் புது பேரிங்கும் அன்றைக்கே போச்சு. சிலவற்றில் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும், அது ஏ.பி.எஸ். பிரேக்கின் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், மறுபடியும் பிரஸ்.

டயரை பேரிங் என்று நினைப்பது

புதுத் தாரில் ஏறியதும் சத்தம் மாறுகிறதா? முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே போனால் டயர்தான்.

டிக்கியைத் திறக்காமல் வேலையைத் தொடங்குவது

திறந்து பாருங்கள். காவடிக்கு வாங்கியதில் மிஞ்சிய தேங்காய் ஒன்று உருண்டுகொண்டிருக்க, எங்கள் பையன் ஒருவன் சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மைக் கழற்றி வைத்திருந்தான்.

பக்கியை (பிக்கப் வண்டியை) ஃபோர் வீல் டிரைவிலேயே விட்டுவிடுவது

லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் போய்விட்டு வருபவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். ஹைலக்ஸ் போன்ற பல பக்கிகளில், முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், தாரில் டயர் வழுக்கிக்கொடுக்காது, அதனால் வண்டி முனகி முனகித் திரும்பும். டூ வீலுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். மாற்றாமலே ஓட்டினால் கியர்பாக்ஸ் பக்கம் நிஜமாகவே செலவு வைக்கும்.

டக் டக் என்றாலே சி.வி. ஜாயின்ட் என்பது

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது, சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து டக்டக்டக் என்று வந்தால் சி.வி.தான், அதாவது டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்திருக்கும், ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு "டங்" வருகிறதென்றால் ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம். ஒருவரைத் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கில் கை வையுங்கள். முறுக்கிக்கொண்டு சட்டென்று விடுகிறதா? கோளாறு மேலே, ஸ்பிரிங் இருக்கும் ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுன்ட்டில். கடல் காற்று பட்ட வண்டிகளில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருப்பிடித்து உடைந்திருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள். அதெல்லாம் இல்லை, கீழே கீச்சிட்டு, லோயர் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டமும் தெரிந்தால், "சனிக்கிழமை கொண்டுவாங்க" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டிக்காரரை வேறு வண்டியில் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.